"வாரண்டில வராதுங்க" என்று சொன்ன பிறகு என்ன செய்வது?

கேள்வி திருப்பூரிலிருந்து வந்தது. சுருக்கமாக இதுதான்: 2021-இல் வாங்கிய உலர் வகை டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கார் (எண்ணெயில் மூழ்காத இரண்டு கிளட்ச்சுகள், இரண்டையும் கம்ப்யூட்டரே இயக்கும்), 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. எக்ஸ்டெண்டட் வாரண்டி முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஒரு வருடமாகவே சிக்னலில் மெதுவாக நகரும்போது வண்டி உதறுகிறது. மூன்று முறை சர்வீஸ் சென்டரில் விட்டார், மூன்று முறையும் "இந்த மாடல்ல இது நார்மல்தான் சார்" என்று சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். போன மாதம் அவிநாசி சாலையில் நின்ற வண்டி நகரவே இல்லை. இழுத்துக்கொண்டு போய் விட்டதும் வந்த பதில்: கிளட்ச் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது. போதாக்குறைக்கு ஒரு முறை வெளியே எஞ்சின் ஆயில் மாற்றியிருக்கிறீர்கள், அதனால் வாரண்டியே செல்லாது. எஸ்டிமேட் 1,86,000 ரூபாய். "கேஸ் போட்டால் புது வண்டி வாங்க முடியுமா?" என்று முடித்திருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புது வண்டி கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த 1,86,000-ஐக் கட்டாமல் தப்பிக்க உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, புது வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, கடைசியில் இரண்டும் இல்லாமல் வீட்டுக்குப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு டீலரிடம் ஒன்பது வருடம் வாரண்டி செக்‌ஷனில் இருந்தேன். இப்போது சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்பதால் இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.

ஷோரூமில் வாரண்டி எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் கோபம் சரியான ஆள் மேல் போகும். டீலர் தன் கைக்காசில் உங்களுக்குப் பார்ட்ஸ் போடுவதில்லை. வேலையைச் செய்துவிட்டு, ஃபால்ட் கோட் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்) பிரிண்ட், போட்டோ, ஜாப் கார்டு (உங்கள் புகாரையும் செய்த வேலையையும் எழுதும் தாள்) எல்லாம் சேர்த்துக் கம்பெனிக்கு கிளெய்ம் போடுவார். கம்பெனி ஒப்புக்கொண்டால் பார்ட்ஸ் பணமும் ஒரு லேபர் கூலியும் டீலர் கணக்கில் வரவாகும். அந்தக் கூலி பெரும்பாலும் நீங்கள் காசு கொடுத்துச் செய்யும் வேலையின் கூலியைவிடக் குறைவு. ஒப்புக்கொள்ளாவிட்டால் டீலர் தலையில் விழும். கழற்றிய பழைய பார்ட்ஸை டேக் கட்டி ரேக்கில் அடுக்கி வைக்க வேண்டும். ஆடிட்டுக்கு வருகிறவர் ஒரு போட்டோ குறைந்தாலும் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடித்துவிடுவார். அப்படிப் பிடித்த தொகைக்கு எனக்கு விழுந்த திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே சர்வீஸ் அட்வைசர் சந்தேகமான கேஸைக் கண்டால் கம்பெனியிடம் கேட்கவே மாட்டார். "வராதுங்க" என்று அவரே சொல்லிவிடுவார். பாதி மறுப்புகள் இந்த மாதிரிதான். கம்பெனி மறுத்ததே கிடையாது, கம்பெனிக்கு விஷயம் போகவே இல்லை.

அதனால் உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "கிளெய்ம் போட்டீர்களா? போட்டிருந்தால் அதன் எண் என்ன? மறுத்தது யார், எந்தத் தேதியில்?" வாயால் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள். டீலருக்கும் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் ஒரே மெயில். எக்ஸ்டெண்டட் வாரண்டி பத்திரத்தை எடுத்து அதைக் கொடுத்தது யார் என்றும் பாருங்கள். சிலவற்றில் கார் கம்பெனியே பொறுப்பு. சிலவற்றின் பின்னால் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி இருக்கும். அப்படி இருந்தால் அவர்களுக்கும் அந்த மெயில் போக வேண்டும்.

என் மேசைக்கு வந்த ஒரு கேஸ் சொல்கிறேன். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒரு அண்ணன். டீசல் வண்டி, வாரண்டியில் இருந்தது. ஹை பிரஷர் பம்ப் போய், இன்ஜெக்டர் வரை இரும்புத்தூள் ஓடியிருந்தது. டீசல் சிஸ்டத்தில் இது பெரிய செலவு. அட்வைசர் ஜாப் கார்டில் "ஃப்யூயல் கன்டாமினேஷன்" என்று எழுதிவிட்டார். டீசலில் தண்ணீர் கலந்திருந்தது, அது கஸ்டமர் பொறுப்பு என்று அர்த்தம். அண்ணன் சண்டை போடவில்லை. "தண்ணி இருந்துச்சுன்னா எந்த பாட்டில்ல புடிச்சீங்க? காட்டுங்க" என்று கேட்டார். யாரும் பிடிக்கவில்லை. அவரே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து, ஃபில்டரிலிருந்தும் டேங்க்கிலிருந்தும் டீசல் பிடிக்கச் சொன்னார். பாட்டிலை என் மேசை மேலேயே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் இருந்தால் கொஞ்ச நேரத்தில் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். சாயங்கால டீ வந்து, டீ குடித்து முடித்து, ஷட்டர் இறக்கும் நேரம் வரை பாட்டில் ஒரே நிறத்தில்தான் இருந்தது. அதைப் போட்டோ எடுத்து, தேதி போட்டு, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எழுந்தார். பத்து நாளில் பம்பும் இன்ஜெக்டரும் வாரண்டியில் வந்தன. லேபரை அவர் கட்டினார். எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை, ஆனால் அவர் சிரித்துக்கொண்டேதான் கட்டினார்.

அந்த அண்ணனுக்குச் சட்டம் தெரியாது. அவர் செய்ததெல்லாம், காரணத்தைச் சொன்னவனிடமே அதை நிரூபிக்கச் சொன்னதுதான். உங்கள் கேஸிலும் அதைத்தான் செய்யப் போகிறோம்.

உங்களுக்குச் சொன்ன முதல் காரணம் "கிளட்ச் தேய்மானப் பொருள்." பொதுவாக இது சரி. பிரேக் பேட், வைப்பர், டயர் மாதிரி கிளட்ச் லைனிங்கும் (கிளட்ச்சில் உரசித் தேய்கிற பகுதி) வாரண்டி புத்தகத்தில் விலக்குப் பட்டியலில் இருக்கும். ஆனால் தேய்ந்துபோவது வேறு, கெட்டுப்போவது வேறு. தேய்மானம் என்றால் அளந்து காட்ட முடியும். லைனிங் தடிமன் இத்தனை மில்லிமீட்டர், கம்பெனி சொல்லும் குறைந்தபட்ச அளவு இத்தனை என்று இரண்டு எண்கள் வேண்டும். தடிமன் மிச்சம் இருந்தும் வண்டி உதறினால் அது தேய்மானக் கணக்கில் வராது. ஆயில் சீல் கசிந்து லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம். கிளட்ச்சைத் தள்ளுகிற ஆக்சுவேட்டரில் கோளாறு இருக்கலாம். கியர்பாக்ஸை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டில் பிரஷர் இறங்கியிருக்கலாம். ஆக்சுவேட்டரையும் மெக்கட்ரானிக்கையும் பொதுவாகத் தேய்மானப் பொருள் என்று எழுதியிருக்க மாட்டார்கள், சீலுக்கு என்ன எழுதியிருக்கிறது என்றும் உங்கள் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேய்ந்த கிளட்ச் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. நேற்று வரை ஓடிய வண்டி இன்று சிக்னலில் மொத்தமாகக் கியர் எடுக்காமல் நின்றது என்றால் என் சந்தேகம் லைனிங் மேல் போகாது. முதலில் கண்ட்ரோல் பக்கத்தைத்தான், அதாவது ஆக்சுவேட்டரையும் மெக்கட்ரானிக்கையும்தான் பார்ப்பேன். வண்டியைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இழுத்து வந்த அன்று ஸ்கேனரில் என்ன ஃபால்ட் கோட் வந்தது என்று கேட்டு அந்தப் பிரிண்ட்டை வாங்குங்கள். பல மாடல்களில் கிளட்ச் எத்தனை முறை அளவுக்கு மீறிச் சூடானது என்ற கணக்கைக் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரே வைத்திருக்கும். அதையும் கேளுங்கள். "நீங்கள் ஓட்டிய விதம்தான் காரணம்" என்று சொல்கிறவர் அந்த எண்ணைக் காட்டட்டும்.

"ஓட்டிய விதம்" என்ற சொல் வந்ததால் ஒரு வழக்கைச் சொல்லாமல் நகர முடியாது. ஃபோர்டு கம்பெனியின் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் உங்களுடையதைப் போலவே உலர் வகை டூயல் கிளட்ச். ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் வண்டிகளில் வந்தது. உள்ளே சீல் கசிந்து கிளட்ச்சில் எண்ணெய் படுவது அதன் தெரிந்த கோளாறுகளில் ஒன்று. வண்டி உதறும். ஆஸ்திரேலியாவில் புகார் சொன்னவர்களிடம் கம்பெனி பல நேரம் சொன்ன பதில், நீங்கள் ஓட்டும் விதத்தால்தான் உதறுகிறது என்பது. கோளாறு இருப்பது கம்பெனிக்கு 2013 முதலே தெரிந்திருந்தது. அந்த நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட, 2018 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அபராதத்துக்குக் காரணம் கியர்பாக்ஸ் கெட்டது இல்லை, புகார் சொன்னவர்களை நடத்திய விதம். அங்கே விற்ற ஈகோஸ்போர்ட் நம் மறைமலை நகரில் தயாராகிப் போனது என்பது ஒரு கொசுறுத் தகவல்.

ஃபோக்ஸ்வாகனின் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸான ஏழு கியர் டிஎஸ்ஜி கதையும் இதே வகை. சீனாவில் புகார்கள் பெருகி, 2012-இல் கியர்பாக்ஸ் வாரண்டியைப் பத்து வருடம் அல்லது 1,60,000 கி.மீ. என்று நீட்டினார்கள். 2013 மார்ச் 15 அன்று அரசுத் தொலைக்காட்சி அதை எடுத்துப் போட்டது; ஒரே வாரத்துக்குள் 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஆக, "இந்த மாடல்ல இது நார்மல்தான்" என்ற வாக்கியத்தைக் கேட்டால் வருத்தப்படாதீர்கள், எழுதி வாங்குங்கள். எல்லா வண்டியிலும் இருக்கிற குறை என்று அவர்களே ஒப்புக்கொள்வதாகத்தான் அதற்கு அர்த்தம்.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், ஓட்டும் விதமும் உண்மையில் ஒரு காரணம்தான். உலர் கிளட்ச்சுக்கு எதிரி சூடு. ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் பெடலே கிடையாது, ஆனால் நெரிசலில் அரை அடி அரை அடியாக நகரும்போது உள்ளே கம்ப்யூட்டர் பாதி கிளட்ச்சில்தான் வண்டியைப் பிடித்திருக்கும். மேட்டில் பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். ஊட்டி மலையில் வார இறுதி டிராஃபிக்கில் கிளட்ச் கருகிய வாடையோடு ஷெட்டுக்கு வருகிற வண்டிகள் எனக்குப் புதிதல்ல. ஆனால் நம் ஊரில் விற்கிற வண்டி நம் ஊர் டிராஃபிக்கைத் தாங்க வேண்டும். அவிநாசி சாலையில் ஓட்டியது துஷ்பிரயோகம் ஆகாது.

இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன்: வெளியே ஆயில் மாற்றியது. இதற்கு ஒரே எதிர்க்கேள்வி போதும். எஞ்சின் ஆயிலுக்கும் உலர் கிளட்ச்சுக்கும் என்ன சம்பந்தம்? எஞ்சின் சீஸ் ஆகி (இறுகி நின்று) நீங்கள் வாரண்டி கேட்டிருந்தால் அந்த பில் உங்களுக்கு எதிராக நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். கியர்பாக்ஸ் வேறு ஆயில், வேறு அறை. இதில் உங்கள் பக்கம் ஒரு வலுவான ஆவணமும் இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் (வியாபாரத்தில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் மத்திய அமைப்பு) 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகத்தையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குத் தராமல் அடைத்து வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே உத்தரவில், வெளியே சர்வீஸ் செய்தாலே வாரண்டி போய்விடும் என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும், வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் சொன்னது. உத்தரவு மேல்முறையீடு, ஹைகோர்ட் என்று பிறகு இழுபட்டது. அதனால் அதைப் பிரம்மாஸ்திரம் என்று நினைக்காதீர்கள். ஆனால் உங்கள் மெயிலில் அந்த ஒரு வரியைப் போட்டுப் பாருங்கள், பதில் எழுதுகிற ஆள் மாறுவார். அட்வைசர் போய், ஏரியா மேனேஜர் வருவார்.

அமெரிக்காவில் ஹூண்டாய், கியாவின் தீட்டா எஞ்சின் விவகாரத்திலும் இந்த ஆயில் பில் சண்டைதான் நடந்தது. கிரான்க்‌ஷாஃப்ட்டில் உலோகத் துகள் தங்கி பேரிங் தேய்ந்து எஞ்சின் சீஸ் ஆனது. 2015-லும் 2017-லும் திரும்ப அழைத்தார்கள். ஆரம்பத்தில் ஆயில் மாற்றிய ரசீது கேட்டுப் பலரைத் திருப்பி அனுப்பினார்கள். வழக்குகளின் சமரசத்தில் வந்த ஆயுட்கால வாரண்டியில், மிக அசாதாரணமான கவனக்குறைவு இருந்தால் மட்டுமே மறுக்கலாம் என்று எல்லை போட்டார்கள். அந்தச் சமரசம் நமக்குப் பொருந்தாது. ஆனால் வாதம் பொருந்தும்.

அடுத்து, கையெழுத்து. இதில்தான் நல்ல கேஸ்கள் செத்துப்போகின்றன. கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்க உங்களிடம் ஒரு சம்மதக் கையெழுத்து கேட்பார்கள்: வாரண்டியில் வராவிட்டால் பிரித்த கூலி கஸ்டமருடையது என்று அதில் இருக்கும். போடுங்கள், ஆனால் பக்கத்தில் உங்கள் கைப்பட எழுதுங்கள்: "நான் இருக்கும்போது பிரிக்க வேண்டும், போட்டோ எடுத்துத் தர வேண்டும், காரணம் வாரண்டி சார்ந்ததாக இருந்தால் கூலி கட்ட மாட்டேன்." யாரும் தடுக்க மாட்டார்கள். முறைப்பார்கள், அவ்வளவுதான். பிறகு வண்டி எடுக்கும்போது ஒரு திருப்திக் கடிதம் நீட்டுவார்கள். சாவி கையில் வந்த சந்தோஷத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்து நுகர்வோர் ஆணையத்தில் அந்தக் காகிதம்தான் முதலில் வெளியே வரும்.

உங்கள் பழைய மூன்று விசிட்களின் ஜாப் கார்டுகளையும் இப்போதே தேடுங்கள். அவைதான் உங்கள் சொத்து. வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே புகார் சொன்னதற்குச் சாட்சி அவை. ஆனால் ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் சொன்ன புகார் அதில் நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறதா? "வண்டி சிக்னலில் உதறுகிறது" என்று நீங்கள் சொல்ல, அட்வைசர் "ஜெனரல் செக்கப்" என்று எழுதியிருப்பார். நானே அப்படி எழுதியிருக்கிறேன், டேப்லெட்டில் அந்தப் பட்டனை அழுத்துவது சுலபம். அப்படி இருந்தால் அந்த நாட்களில் அவருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ், வீடியோ, போன் கால் பட்டியல் என்று எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள்.

வண்டி அவசரமாக வேண்டும் என்று பணம் கட்டி எடுப்பதானால், கட்டுவதற்கு முன் ஒரு மெயில்: "வாரண்டி மறுப்பை நான் ஏற்கவில்லை, எதிர்ப்புடன் பணம் செலுத்துகிறேன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை." அப்புறம் பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் மாற்றினால் பழைய பாகம் கம்பெனிக்குச் சொந்தம். நீங்கள் காசு கொடுத்தால் அது உங்களுடையது. "ஸ்கிராப்ல போட்டாச்சுங்க" என்பார்கள். அதனால் பில் போடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கிளட்ச் செட், மெக்கட்ரானிக் எது மாற்றினாலும் கறுப்பு பாலித்தீனில் கட்டி, மேலே வண்டி நம்பரும் தேதியும் எழுதி, அட்வைசர் கையெழுத்தோடு வீட்டு மாடியில் வையுங்கள். வீட்டில் திட்டுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். பாகம் இல்லாமல் எந்த நிபுணரும் எதையும் சொல்ல முடியாது.

பணம் கட்டாமல் வண்டியை அங்கேயே விட்டால் தினப்படி பார்க்கிங் கட்டணம் கேட்டு மிரட்டுவது ஒரு வழக்கம். வண்டி வாரண்டி தகராறில் நிற்கிறது, கட்டணத்தை ஏற்கவில்லை என்று உடனே பதில் அனுப்பிவிடுங்கள். ஓடோமீட்டர், டயர், ஸ்டெப்னி, உள்ளே இருக்கும் பொருள்கள் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்தும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், கம்பெனிக்குப் புகாரைத் தள்ளிவிட்டுப் பதில் கேட்பார்கள். சாதாரணமாகத் தோன்றும், ஆனால் கம்பெனி தலைமையகத்தில் இதற்கென்று ஆள் இருப்பதால் டீலரைத் தாண்டிப் போக இது நல்ல வழி. அதோடு, உங்கள் சேஸிஸ் நம்பருக்கு ஏதாவது ரீகாலோ (கம்பெனி அறிவித்து வண்டிகளைத் திரும்ப அழைப்பது) சர்வீஸ் கேம்பெயினோ நிலுவையில் இருக்கிறதா என்றும் எழுத்தில் கேளுங்கள். ரீகால் வெளியே தெரியும். சர்வீஸ் கேம்பெயின் பெரும்பாலும் டீலர் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும், வண்டி உள்ளே வரும்போது சத்தமில்லாமல் மாற்றிவிட்டு அனுப்புவார்கள். 2021 ஏப்ரல் முதல் வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் மத்திய அரசுக்கு இருக்கிறது. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அது பொருந்தும். ஆனால் அது பாதுகாப்புக் குறைகளுக்கானது. நெடுஞ்சாலையில் ஓடும்போது கியர் விட்டுப்போவது அந்த வகையில் வரும் என்று வாதாடலாம். சிக்னலில் உதறுவதை வைத்து வாதாடுவது கஷ்டம்.

பிறகுதான் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டம் வந்த பிறகு நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் அவர்கள்தான் இங்கே வர வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கட்டணம் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள வண்டிக்கு 400 ரூபாய்தான். ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. இந்த வகை வழக்குக்கு வக்கீல் வைப்பதுதான் நல்லது என்பது என் கருத்து, எதிர்ப்பக்கம் கண்டிப்பாக வைத்திருப்பார்கள். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மெயிலில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருப்பதால் அந்தக் கெடு நீளாது. மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வருடக்கணக்கு ஆகும், அதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

அங்கே தோற்கிறவர்களில் பலர் தோற்பது ஒரே இடத்தில்: நிபுணர் அறிக்கை இல்லை. ஜாப் கார்டு பத்து இருக்கும், ஆனால் உற்பத்திக் குறைதான் என்று சொல்ல ஒரு பொறியாளரின் கையெழுத்து இருக்காது. பரிசோதிக்காமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்றால் ஆய்வுக்கு அனுப்ப ஆணையத்துக்குச் சட்டத்தின் 38-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. மனு போட்டுக் கேட்க வேண்டும், தானாக நடக்காது. மாடியில் இருக்கும் கறுப்பு பாலித்தீன் பை அப்போது இறங்கி வரும்.

புது வண்டி ஏன் கிடைக்காது என்று சொன்னேன்? 2006-இல் மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது, வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தைச் சரிசெய்ய அல்லது மாற்றித் தரத்தான், முழு வண்டியையும் மாற்றித் தர இல்லை என்று. 2010-இல் ஃபியட் வழக்கிலும் உற்பத்திக் குறை நிரூபிக்கப்படாமல் வண்டியை மாற்றச் சொல்ல முடியாது என்றார்கள். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2022-இல் ஹூண்டாய் வழக்கில், முன்பக்கம் மோதியும் கிரெட்டாவின் ஏர்பேக் விரியவில்லை. மோதலின் விசை போதவில்லை என்று கம்பெனி சொன்னது. வாங்குகிறவர் இயற்பியல் கணக்குப் போட்டா ஏர்பேக்கை எதிர்பார்ப்பார் என்கிற ரீதியில் கேட்டு, நஷ்டஈட்டையும் வண்டியை மாற்றித் தரச் சொன்ன உத்தரவையும் உறுதிசெய்தது சுப்ரீம் கோர்ட். உயிருக்கு ஆபத்தான குறை அது. உங்கள் கிளட்ச்சை அதோடு ஒப்பிட முடியாது. ஆகவே மனுவில் கியர்பாக்ஸ் செலவு, வண்டி நின்ற நாட்களுக்கு டாக்ஸி செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு என்று கேளுங்கள். வண்டி மாற்றத்தை மாற்றுக் கோரிக்கையாக ஒரு வரியில் வைத்துக்கொள்ளலாம்.

டீலர், கம்பெனி இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். தங்களுக்கும் டீலருக்கும் உள்ளது தனி வியாபார உறவு, டீலர் செய்த தவறுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி சொல்லும். 2021-இல் டாடா மோட்டார்ஸ் வழக்கில் அந்த வாதம் எடுபட்டது. அதனால் யார் எதைச் செய்தார் என்று பிரித்து எழுதுங்கள்: கியர்பாக்ஸைத் தயாரித்தது கம்பெனி, மூன்று முறை நார்மல் என்று அனுப்பியது டீலர். வண்டி உங்கள் பனியன் கம்பெனி பேரில் பதிவாகியிருந்தால் (திருப்பூர் என்பதால் கேட்கிறேன்) வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று ஒரு ஆட்சேபம் வரும். பயப்பட வேண்டாம், இயக்குநரின் சொந்த உபயோகத்துக்குக் கம்பெனி பேரில் வாங்கிய கார் வணிக நோக்கத்தில் சேராது என்ற நிலையை 2024-இல் டைம்லர் கிரைஸ்லர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஏற்றிருக்கிறது. குடும்ப உபயோகத்துக்கு ஓடியதைக் காட்ட டோல் ரசீது, பள்ளிக்கூட பார்க்கிங் என்று ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு. எல்லா மறுப்பும் அநியாயம் இல்லை. எலி கடித்த வயர், வெளியே ஹாரன் மாற்றும்போது வெட்டிய வயரிங், வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்த எஞ்சின் இவையெல்லாம் வாரண்டி விஷயமே கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இதைத் தெரியாமல் சாவியைத் திருப்பியவர்கள் ஏராளம். அதற்குத் தேவை இன்ஷூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன். அங்கே தகராறு வந்தால் போக வேண்டிய இடம் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர்).

திருப்பூர்க்காரரே, இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். வண்டியை அவர்கள் பிரிப்பதற்கு முன் அந்த மெயிலை அனுப்புங்கள்: கிளெய்ம் எண், மறுத்தவர் பெயர், எந்த விதி, லைனிங் தடிமன், ஃபால்ட் கோட் பிரிண்ட், வெளியே மாற்றிய ஆயிலுக்கும் இதற்கும் தொடர்பு, சேஸிஸ் நம்பரில் நிலுவை கேம்பெயின். ஏழு கேள்வி, ஏழு நாள் கெடு. "பாதிக்குப் பாதி போட்டுக்கலாமா சார், குட்வில்லா பண்ணித் தர்றோம்" என்று போன் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. குட்வில் என்பது வாரண்டி முடிந்த வண்டிக்குக் கம்பெனி கொடுக்கும் சலுகை, உங்கள் வாரண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த போனில் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதையே மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். பதில் வந்ததும் லைனிங் தடிமன் எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள் என எனக்கு எழுதுங்கள், மீதியை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.